இரண்டாம் முறை கேட்டபோது

தன்யா பொய் எழுதியிருக்கிறாள் என்று சந்தீப் டாக்டர் நேராகச் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"நீயே பாரு. இது நிஜம்னு தோணறதா உனக்கு?"

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் எடுத்த நேர்காணல்கள் திரையில் வரிசையாக இருந்தன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதே பதில்கள். உடல்நலம் நன்று. தூக்கம் நன்று. வலி இல்லை. இருமல் இல்லை. கவலை இல்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இஞ்சி மூட்டை தூக்கறவாளுக்கு முதுகு வலி இல்லையாம். நாள் பூரா மிளகுத் தூசியில உக்காந்திருக்கறவாளுக்கு ஒரு இருமல்கூட இல்லையாம்."

"அவங்க சொன்னதத்தான் சார் நான் அடிச்சேன்."

"இல்லேன்னு நான் சொல்லலை. பாக்கறவா என்ன நினைப்பா? வீட்டுல உக்காந்து ஒரே மூச்சுல அடிச்சதுன்னு நினைப்பா. போன வருஷம் ஒரு பையன் அப்படித்தான் பண்ணினான். அவனை அனுப்ப வேண்டியதாச்சு." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ரெண்டாவது சுத்து இருக்கில்லையா. அதுலயும் இப்படியே வந்தா அந்தச் சந்து முழுக்கவே வெளியில போட்டுடுவோம். உன் காண்ட்ராக்டும் அதோட சரி. நான் மறைச்சுப் பேசலை."

வேலை இதுதான். ஒருவர் தன் உடம்பையும் மனசையும் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்பது. எர்ணாகுளத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்திருந்தது. தமிழில் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்தவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதலில் ஒருமுறை கேட்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்கள். கடைசியில் ஒரு முகாம் வைத்து டாக்டர்கள் அவரைப் பரிசோதிப்பார்கள். வாய் சொன்னதும் உடம்பு சொன்னதும் ஒத்துப்போனால் கேள்வித்தாள் தேறிவிட்டது. ஒத்துப்போகாவிட்டால் தப்பு கேள்வியிலா, கேட்டவளிடமா, சொன்னவரிடமா என்று தேட வேண்டும். சந்தீப் கேட்டவளிடமிருந்து ஆரம்பித்திருந்தார்.

அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர். தன்யாவின் குடும்பமும் தமிழ்தான். எந்தத் தலைமுறையில் வந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தை ஒட்டிய தெருவிலேயே இருக்கிறவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். கேள்வித்தாளின் தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் எல்லாக் கேள்விகளையும் மலையாள எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். இதற்கு முன் இடப்பள்ளி மாலில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றாள். உட்காரக்கூடாது என்பது அங்கே சட்டம். மறுபடி அங்கே போய் நிற்க வேண்டியிருக்குமோ என்ற நினைப்போடுதான் அன்று படகேறி வீட்டுக்கு வந்தாள்.

பஜார் ரோட்டின் பழைய பண்டகசாலை ஒன்றைப் பலகையும் தகரமும் வைத்துத் தடுத்து ரூம்களாக்கி விட்டிருந்தார் அப்பு சேட்டன். முன்பக்க மாடியில் அவர் குடும்பம் இருந்தது. கீழே இருந்தவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெண்கள் கோடவுன்களில் சுக்கும் மிளகும் புடைத்துச் சுத்தம் செய்தார்கள். ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள்.

முதல் சுற்றில் அவள் உட்கார்ந்து பேசிய முதல் ஆள் வீரலட்சுமி. கமுதிப் பக்கத்து ஊர். புருஷன் பாண்டித்துரை கொத்தனாருக்குக் கையாள். மகள் மகா ஊரில் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். வீரலட்சுமி வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கடந்த இரண்டு வாரங்களில் தாங்கள் மனச்சோர்வுடன் இருந்ததாக உணர்ந்தீர்களா?" என்று தன்யா மனப்பாடமாகக் கேட்டாள்.

"சோர்வு இல்லாம இருக்குமா தாயி? விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்ச முதுகு நிமிரல."

"அப்போ உண்டுன்னு போடட்டா?"

வீரலட்சுமியின் கை நின்றது. பக்கத்து ரூம் மாயம்மாள் துவைத்த சேலையை உதறிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தாள்.

"வேணாம், வேணாம். இல்லைன்னே போட்டுக்க. நல்லாத்தேன் இருக்கேன்."

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். மாயம்மாளும் அதையே சொன்னாள். அடுத்த ரூமிலும் அதையே சொன்னார்கள். பதில் சொல்வதற்கு முன் எல்லாரும் ஒரு கேள்வி கேட்டார்கள். "அப்பு சேட்டன் அனுப்புனாரா?" இல்லை என்றதும் ஒரு கணம் யோசித்துவிட்டு, நல்லா இருக்கோம் என்றார்கள். அது ஏன் என்று தன்யாவுக்கு அப்போது தோன்றவில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது என்றுதான் நினைத்தாள்.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். பாண்டித்துரை வைப்பின் தீவில் ஒரு கட்டடத்துக்குக் கான்கிரீட் போடப் போயிருந்தான். வீரலட்சுமி மட்டும் இருந்தாள். முதல்முறை எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்க வேண்டும், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது விதி. தன்யா பதில்களை அடிக்கும் டேப்லெட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லட்டா? தேஷ்யப்படக்கூடாது, கோபிக்கக்கூடாது."

"சொல்லு."

"நீங்க எல்லாரும் ஒரே மாதிரி நல்லா இருக்கேன்னு சொன்னீங்கல்ல. ஆபீஸ்ல, நான் ஆரையும் பாக்காம கள்ளமா எழுதிக் கொண்டுவந்தேன்னு நினைக்கிறாங்க. இந்தத் தடவையும் அப்படியே இருந்தா எனக்கு வேலை இல்லை. நிஜமாவே நல்லா இருந்தா செரி. இல்லைன்னா, நீங்க ஒருத்தராவது உள்ளதச் சொல்லுங்க அக்கா."

வீரலட்சுமி எழுந்து கதவைச் சாத்தினாள். தகரத்தின் ஓட்டைகள் வழியாக மட்டும் வெளிச்சம் வந்தது. திரும்பி வந்து உட்காருவதற்குள் இருமல் வந்துவிட்டது. முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், உடம்பு மட்டும் குலுங்க இருமினாள். இவ்வளவு பழகிய ஓர் இருமலைத் தன்யா பார்த்ததில்லை. முந்தானையை எடுத்தபோது அதில் சிவப்பு இருந்தது.

"மூணாம் ரூம்ல அழகர்னு ஒரு அண்ணன் இருந்தாரு," என்றாள் மூச்சு வாங்கியபடி. "நாங்க வந்த புதுசு. இப்பிடித்தேன், கேம்ப்புன்னு சொல்லிக்கிட்டு நாலஞ்சு பேரு வந்தாக. அவரு வெள்ளந்தி. இருமுது, நெஞ்சு வலிக்குதுன்னு எல்லாத்தையும் சொல்லிப்புட்டாரு. சாயங்காலம் அவரு பாயும் பெட்டியும் ரோட்டுல கெடந்துச்சு. நல்ல மழை. போட் ஜெட்டிப் பக்கம் கடை வாசல்ல கெடந்தாரு, மனுசன். நாங்கதேன் ரயிலேத்தி விட்டோம். ஊருக்குப் போய்ச் சேரல."

சிவப்பு தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டாள்.

"அதுலேர்ந்து யாரு வந்து கேட்டாலும் நாங்க நல்லாத்தேன் இருக்கோம்."

"அக்கா, பேடிக்க வேண்டாம். இதுல உங்க பேரே இல்ல, நம்பர் மட்டும்தான். ஆருக்கும் தெரியாது. சத்தியமா."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். வீரலட்சுமி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "கேளு," என்றாள்.

சித்திரையில் ஆரம்பித்த இருமல். முதலில் மிளகுத் தூசி என்று நினைத்திருந்தாள். கோடவுனில் எல்லாரும்தான் இருமுகிறார்கள். ஓணத்துக்கு முன்னால் ரத்தம் வந்தது. ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. ராத்திரியில் வேர்த்துக் கொட்டும். தூங்கினால் இருமல் சத்தம் கேட்டுவிடுமோ என்று உட்கார்ந்தே இருப்பாள். புருஷனுக்குத் தெரியாது. அவன் வேலை அசதியில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான். தெரிந்தால் ஊருக்குக் கூட்டிப்போய் விட்டுவிடுவான். ஊரில் போய் யார் வீட்டில் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கும்போது மட்டும் தன்யா மனப்பாடத்தை விட்டுவிட்டு, "சாகணும்னு எப்பவாவது தோணுமா அக்கா?" என்றாள்.

"தோணும். கூடையத் தலையில வச்சுக்கிட்டுக் கோடவுனு பின்வாசல்ல நின்னு காயலப் பாத்தா, எறங்கிரலாம்னு இருக்கும். அப்புறம் மகா மூஞ்சி வந்துரும். கூடைய எறக்கி வச்சுட்டு வேலையப் பாப்பேன்." குரலைத் தாழ்த்தி, "இத எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சொல்லிப்புடாத," என்றாள்.

கதவைத் திறந்து விடும்போது கேட்டாள்: "இப்ப உன் வேலை போகாதுல்ல?"

"போகாது அக்கா."

மற்ற ரூம்களிலும் தன்யா கேட்டாள். யாரும் மாறவில்லை. சாத்திக் கிடந்த கதவைப் பார்த்திருந்த மாயம்மாள், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சந்தீப் அந்த ஒரு வரியைப் பார்த்தார். சந்தேகப்பட்ட முகம் போய் வேறு முகம் வந்தது. "ரத்தமா? எத்தனை நாளா? முகாமுக்கு இன்னும் நாள் இருக்கே. அதுவரைக்கும் வைக்கப்படாது, உடனே கூட்டிண்டு வா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. தானே போன் செய்து, முகாம்வரை காத்திருக்காமல் டாக்டர் அவளைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பி வரச் சொல்லி, தன்யா அவளை ஆட்டோவில் கூட்டிப்போனாள். எடை பார்த்த நர்ஸ் மிஷினில் கோளாறு என்று நினைத்து அவளை இறக்கி மறுபடி ஏற்றினாள். சளியை எடுத்துக்கொண்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காச நோய்தான். இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், மாத்திரைக்குக் காசு கிடையாது என்று டாக்டர் சொன்னார். வீரலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாத்திரை அட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தின் முனைக்கு வருமுன்பே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில், சுகாதாரப் பணியாளர் கமலாக்ஷி அந்தச் சந்துக்கு வந்தார். இந்த நோய் என்று தெரிந்தால் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். தகவல் போனால், கூட இருப்பவர்களையும் பரிசோதிக்க ஆள் வரும். அது ஒழுங்காக நடந்த ஒரு வேலை. கமலாக்ஷி சந்தின் வாசலில் நின்று வீரலட்சுமியின் ரூம் எது என்று கேட்டார். எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவர் சொல்லவில்லை. ஆனால் கையில் சளி எடுக்கும் டப்பிகள் இருந்தன, முகத்தில் மாஸ்க் இருந்தது. மாடி வராந்தாவில் அப்பு சேட்டனின் மகள், பிரசவத்துக்கு வந்தவள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாயம்மாள் போன் செய்து தன்யா ஓடி வந்தபோது ரூமுக்கு வெளியே கூட்டம் இருந்தது. கமலாக்ஷி போய்விட்டிருந்தார். அப்பு சேட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார்.

"சேட்டா, மாத்திரை தொடங்கியாச்சு. கொஞ்ச நாள் கழிஞ்சா பின்னெ ஆருக்கும் பகராது, ஒட்டிக்காது. டாக்டரே சொன்னதாக்கும்," என்றாள் தன்யா.

"கடலாசில அப்படி எழுதியிருக்கும் மோளே. மேல என்றெ மோளோட குஞ்ஞு கிடக்குது, பிறந்து ஒரு மாசம் ஆகல. நான் என்ன செய்யட்டும்? நீயே பற." அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "எனக்கு அவங்ககிட்ட விரோதமில்ல. ரூம் ஒழிஞ்சு தரணும். இன்னிக்கே."

கோடவுன் மேஸ்திரிக்கும் அதற்குள் செய்தி போயிருந்தது. இனி வர வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மாயம்மாளும் மற்றவர்களும் அவரவர் வாசலில் நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

பாண்டித்துரை சிமெண்ட் காயாத காலோடு வந்தான். யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். ரூமுக்குள் போய், அரிசி டப்பாவுக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்தான்.

"எம்புட்டு நாளா?"

வீரலட்சுமி அரிசி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"கேக்குறேன்ல? எம்புட்டு நாளா?"

"சித்திரையிலேர்ந்து," என்றாள் தன்யா, வாசலில் நின்றபடி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நீங்கதேன் அந்தக் கேள்வி கேக்குற பொண்ணா?" என்றான். "உங்ககிட்ட சொல்லியிருக்கா. ஒரே பாயில படுக்குறவன் எங்கிட்ட சொல்லல." திட்டவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. பாத்திரங்களை ஒரு சாக்கில் போட ஆரம்பித்தான்.

மாயம்மாள் மட்டும் கடைசியில் ஒரு காரியம் செய்தாள். கொடியில் காய்ந்த வீரலட்சுமியின் சேலைகளை மடித்து, ரூம் வாசலில் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

வீரலட்சுமி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன்யாவைக் கடந்துபோனாள். இரண்டடி போய் நின்றாள்.

"நம்பரு மட்டுந்தேன்னு சொன்னியே தாயி."

எங்கே போகிறார்கள் என்று பாண்டித்துரை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் தன்யா நிறுவனத்துக்குப் போய் சந்தீப்பின் முன்னால் உட்காராமல் நின்றாள். "வீட்டுக்கு ஆள் போகும்னு எனக்கு ஆரும் சொல்லல சார். நான் சத்தியம் பண்ணினேன்."

சந்தீப் ஒப்புதல் தாளை எடுத்து நீட்டினார். நேர்காணலுக்கு முன்னால் எல்லாரிடமும் படித்துக் காட்ட வேண்டிய தாள். இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது: சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் நீங்கலாக, தாங்கள் தரும் தகவல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும். அந்த வாக்கியத்தை அவள் அந்தச் சந்தில் எல்லாரிடமும் படித்துக் காட்டியிருந்தாள். மலையாள எழுத்தில் எழுதிவைத்து, ஒரு மூச்சில். நீங்கலாக என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளும் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

"எனக்கும் தோணியிருக்கணும்," என்றார் சந்தீப். "பாசிட்டிவ்னு வந்த அன்னிக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். நான் நோயைப் பாத்தேன், அவா எங்க இருக்கான்னு பாக்கலை." பிறகு மெதுவாக, "உன் டேட்டா சரியாக்கும். அதுல எனக்கு இனி சந்தேகமில்லை," என்றார்.

தன்யாவுக்கு அது காதில் விழுந்தது. வெளியே வந்தாள்.

பாண்டித்துரையின் போன் அணைந்தே கிடந்தது. கமலாக்ஷியும் தேடினார். கையிலிருக்கும் மாத்திரை தீரப்போகிறதே என்பது அவர் கவலை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கேயே கிடைக்கும்படி மாற்றிக் கொடுத்துவிடலாம். தன்யா வைப்பினில் அவன் வேலை பார்த்த கட்டடத்துக்குப் போனாள். அவன் அங்கே வருவதில்லை. ஊருக்கே போயிருப்பார்கள் என்று சொன்னார்கள். மகா படிக்கும் ஊரின் பெயரை அவள் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. கேள்வித்தாளில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஐப்பசித் துலாமழை ஓய்ந்திருந்த ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"பாண்டித்துரை பேசுறேன். அந்த மாத்திரை எங்கன கெடைக்கும்?"

அவர்கள் ஆலுவாவில் இருந்தார்கள். பெரியாற்றுக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடியில், சிமெண்ட் மூட்டைகள் வைக்கும் கொட்டகையில். மாத்திரை சாப்பிட்டால் குமட்டி வாந்தி வருகிறது என்று வீரலட்சுமி பாதியிலேயே நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நாள் இருமல் குறைந்த மாதிரி இருந்ததால் அவனும் விட்டுவிட்டான். மாத்திரை வாங்கப் போனால் அங்கேயும் ஆள் தேடி வருமோ என்ற பயமும் இருந்தது. இப்போது முந்தின நாளிலிருந்து ரத்தம் நிற்கவில்லை.

"மாத்திரை இருக்கட்டும். முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நான் வர்றேன்," என்றாள் தன்யா. கமலாக்ஷிக்கும் சந்தீப்புக்கும் போன் செய்துகொண்டே பஸ் ஏறினாள்.

ஆலுவா ஆஸ்பத்திரியில் வீரலட்சுமியைத் தனி அறையில் கிடத்தி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். போர்வைக்குக் கீழே உடம்பு இருப்பதாகவே தெரியவில்லை. தன்யா மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வீரலட்சுமி கண்ணைத் திறந்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"வந்துட்டியா," என்றாள். அதில் வருத்தமோ கோபமோ தன்யாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, நான்..."

வீரலட்சுமி கையை லேசாக அசைத்து அவளை நிறுத்தினாள். "மகாவுக்குப் பரிச்ச நடக்குது. முடியிறவரைக்கும் சொல்ல வேணாம்னு அவுகளுக்குச் சொல்லு. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டாக."

சந்தீப் யார் யாரிடமோ பேசி, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வண்டி ஏற்பாடு செய்தார். வண்டி வந்தபோது அவளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் ஒரு பெரிய இருமல் வந்தது. நர்ஸ் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காகிதங்களில் கையெழுத்து வாங்குவதற்காக அவர்களை வெளியே படிக்கட்டில் காத்திருக்கச் சொன்னார்கள். பாண்டித்துரை நேற்றுக் கட்டிய லுங்கியோடு இருந்தான். அழவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அவ உங்ககிட்ட வேற என்னென்ன சொன்னா?"

சொல்லக்கூடாது என்பது விதி. தன்யா சொன்னாள். உட்கார்ந்தே கழித்த ராத்திரிகளைச் சொன்னாள். வாய்க்குள் திணித்த முந்தானையைச் சொன்னாள். கோடவுன் பின்வாசலில் காயலைப் பார்த்து நின்றதைச் சொல்லும்போது அவன் தலையை நிமிர்த்தி, "திரும்பச் சொல்லுங்க," என்றான். அவள் திரும்பவும் சொன்னாள். வீரலட்சுமி தன்னிடம் அதையெல்லாம் ஏன் சொன்னாள் என்பதையும், தன் வேலை போய்விடும் என்று தான் கேட்டதையும், மறைக்காமல் சொன்னாள்.

"உங்க வேலை?"

"இருக்கு."

அவன் தலையாட்டினான். கையெழுத்துப் போடக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனான்.

கமலாக்ஷி சொல்லி வைத்திருந்ததால், புறப்படும் முன் அவனிடம் சளி எடுத்து வாங்கினார்கள். மறுப்புச் சொல்லாமல் டப்பியில் துப்பிக் கொடுத்தான். ஆம்புலன்ஸில் உடலோடு ஊருக்குப் போனான். சளியில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தபோது தன்யா அவனுக்குப் போன் செய்தாள். பின்னால் ஒரு பெண் குழந்தையின் குரல் கேட்டது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதன் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது.

அறிக்கை எழுதினார்கள். மட்டாஞ்சேரிச் சந்தை அதிலிருந்து நீக்கவில்லை. குடியிருக்கும் இடத்திலேயே வைத்துக் கேட்கும்போது பதில்களை நம்ப முடிவதில்லை என்று சந்தீப் ஒரு பத்தி சேர்த்திருந்தார். எண்களால் ஆன அட்டவணையில் வீரலட்சுமியின் வரி மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருந்தது. முதல்முறை சொன்னதும் இரண்டாம்முறை சொன்னதும் கொஞ்சமும் பொருந்தவில்லை என்பதால், கணக்கின்படி அது ஒரு பிழை.

அடுத்த ஆட்களைக் கேட்கத் தன்யாவை வைப்பினுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒப்புதல் தாளின் இரண்டாம் பக்கத்தை அவள் முதலில் எடுத்தாள். இன்ன நோய் என்று தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வரும், அக்கம்பக்கம் தெரியவரலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று பேச்சுத் தமிழில் சொன்னாள். கேட்டவர்களில் நிறையப் பேர் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அவள் யாரையும் பிடித்து உட்காரவைக்கவில்லை. ஆள் சேரவில்லையே என்று சந்தீப் கேட்டார். சேரவில்லை என்றாள்.

மார்கழியில் ஒரு காலை, வெளி மைதானத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டு மாயம்மாள் வந்து நின்றாள். கோடவுனுக்குப் போகும் சேலையில் இல்லை, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். வீட்டுக்குள் வரச் சொன்னதற்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னாள்.

"எனக்கும் இருமுது. ஆடியிலேர்ந்து."

"ரத்தம் வருதா?"

"இன்னும் இல்ல. அதுக்கு முன்ன பாத்துரணும்." அவள் தன்யாவின் கைகளைப் பார்த்தாள், எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாளா என்று. "இங்கன பக்கத்துல வேணாம். அக்கரையில எங்கயாச்சும். நீ எதையும் எழுதப்படாது."

"நான் எழுத மாட்டேன் அக்கா. ஆனா அவங்க எழுதுவாங்க. அதுதான்னு தெரிஞ்சா, தேடி வருவாங்க. வராம இருக்க என்னால செய்ய முடியாது. ரூமுக்கு வராம, வேற இடத்துல வச்சுப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். கமலாக்ஷி சேச்சி நல்ல ஆளு. கேட்டா செய்வாங்கன்னு தோணுது. உறுதி சொல்ல மாட்டேன்."

மாயம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். வெளி மைதானத்தில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் தன்யா நினைத்தாள்.

"நீ முன்னால போ," என்றாள் மாயம்மாள். "நான் பின்னால வர்றேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

எர்ணாகுளம் போகும் படகில் ஆபீஸ் கூட்டம் நெரிந்தது. தன்யா முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாயம்மாள் கடைசி வரிசையில் ஏறி, பஜார் ரோட்டு ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, என்ஜின் அதிகம் சத்தம் போடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். படகு துறையை விட்டு நகர்ந்ததும் அங்கிருந்து இருமல் கேட்டது. தன்யா திரும்பிப் பார்க்கவில்லை.